கீறல் முட்டை

ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிடித்து, ஒரே நேரத்தில் உதறி, ஒரே நேரத்தில் இஸ்திரி போடும் சூட்டு உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி கண் இமைக்கும் நேரம் பிந்தினாலும் துணி கோணிக்கொண்டு உள்ளே போய், மறுபக்கம் சுருக்கம் சுருக்கமாக வந்து விழும். அப்புறம் மறுபடி நனைத்து, மறுபடி பிழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சிக்கனக்காவும் நெட்டையும் ஆறு வருடமாக ஜோடி. ஒருத்தி மூச்சை இழுப்பதை வைத்தே மற்றவள் கையைத் தூக்குவாள். பெரிய ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் வெள்ளை விரிப்புகள், தலையணை உறைகள், மேஜைத் துணிகள் எல்லாம் அந்த உருளை வழியாகத்தான் போக வேண்டும். ஆவி எந்நேரமும் கூரையில் முட்டி, சொட்டாகித் தலையில் விழும். இரண்டு பேர் முன்கையிலும் உருளையின் விளிம்பு பட்ட தழும்புகள் ஏணிப்படி போல ஏறியிருந்தன.

சிக்கனக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. சலவைக் கம்பெனியில் சேர்ந்த முதல் மாதமே, குழாயடியில் மிஞ்சிக் கிடந்த சோப்புத் துணுக்குகளைச் சேர்த்து உருட்டி அவள் ஒரு முழுச் சோப்பாக்கியதைப் பார்த்து நெட்டை வைத்த பேர். முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். மதிய மணி அடித்து அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க ஆரம்பித்த பிறகு அதில் கேலி போய்விட்டது.

"இன்னிக்கி என்னக்கா?" என்று நெட்டை எட்டிப் பார்ப்பாள். அவளுக்கு அந்த உயரத்திலிருந்து எல்லா டப்பாவும் தெரியும்.

பயறும் கேரட்டும் பூசணியும் குழையவிட்ட கெட்டிச் சூப். எலும்பு வேகவைத்த தண்ணீரில் கொதித்தது என்பது மூடியைத் திறந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிடும். மேலே பாதி முட்டை. ஓரத்தில் மொறுமொறுவென்று வறுத்த ரொட்டித் துண்டுகள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் பொட்டல நூடுல்ஸும், ஜாம் தடவிய காய்ந்த ரொட்டியும், உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் இருந்தன. பாதிப் பேர் வீட்டில் காலையில் ஒன்றும் சாப்பிடாமலே வருகிறவர்கள். பத்து மணிக்குக் கம்பெனி கொடுக்கும் இரண்டு ரொட்டியையும் ஒரு டம்ளர் டீயையும் நம்பித்தான் மதியம்வரை நின்றார்கள்.

"இதுக்கு நான் எவ்வளவு செலவு பண்ணியிருப்பேன், சொல்லு?"

"நீ சொன்னா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். சொல்லாத."

"உன் நூடுல்ஸ் பாக்கெட்டுல பாதி."

"சொல்லாதன்னேன்ல!"

அன்று அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் ஆபீஸ் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். தொழிலாளர் நலனுக்கென்று புதிதாக வைத்திருந்த பெண். சின்ன வயசு, நல்ல மாதிரி. கழுத்தில் அட்டை தொங்க, கூடத்துக்குள் வரும்போதெல்லாம் ஈரத் தரையில் வழுக்கிவிடுவோமோ என்று பயந்து பயந்து நடப்பாள். பாய்லர்காரர் போன வாரம் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்த மனு அவள் கை வழியாகத்தான் மேலே போயிருந்தது. இரண்டு வருடமாகச் சம்பளம் ஏறவில்லை, விலைவாசியில் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்துவிட்டது என்று எழுதிய மனு. சிக்கனக்காவின் கையெழுத்து அதில் நாலாவது.

ஆபீஸ் பெண் ஒரு வாய் சூப் சாப்பிட்டுப் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"அக்கா, இது நிஜமாவே நூடுல்ஸ் பாக்கெட்டுல பாதி விலையா?"

"பாதிகூட ஆகாதும்மா. வெடிச்ச முட்டை, மூடுற நேரத்துக் காய், நேத்து ரொட்டி. வாங்கத் தெரிஞ்சா போதும்."

"இதை நீங்க எல்லாருக்கும் சொல்லித் தரணும். ஒரு மணி நேரம், வேலை நேரத்துலயே. நான் மேனேஜர்கிட்ட கேக்கறேன்."

சிக்கனக்காவுக்கு அன்று சாயங்காலம் கால் தரையில் பாவவில்லை. பதினெட்டு வருடமாகப் பல இடங்களில் வேலை பார்த்தவள். சீக்கிரம் செய் என்று சொன்னவர்கள் உண்டு, சரியாகச் செய் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிக் கொடு என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வீட்டில் அவள் புருஷன் முதுகுக்குக் கீழே தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிறவன். சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலைக்குப் போக முடிந்தது. அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"நீ மேடையேறிப் பேசப் போறியா? எங்கிட்ட பேசறதையே நிறுத்த முடியலை, மைக்கும் கையில குடுத்தா கம்பெனி கதி?"

"மைக் எல்லாம் கிடையாது. சும்மா, சாப்பிடுற எடத்துலதான்." சொல்லிக்கொண்டே அவள் மகளை நோட்டோடு உட்கார வைத்தாள். "எழுது. ஒரு வாரத்துக்கு, மூணு வேளைக்கு, மூணு பேருக்கு. அழகா எழுது, ஆபீஸ்ல பாப்பாங்க."

மகள் கோடு போட்டுப் பெட்டி பெட்டியாக எழுதினாள். திங்கள் காலை இது, மதியம் இது, இரவு இது. எங்கே வாங்குவது, எத்தனை மணிக்கு வாங்குவது, எதை எதோடு சேர்த்தால் மறுநாளைக்கும் வரும். கேரட்டுத் தோலைக்கூட விடவில்லை. அதை வறுத்துப் பொடித்தால் சூப்புக்கு மணம். கடைசியில் ஒரு வாரச் செலவைக் கூட்டி அடியில் கோடு போட்டாள். அந்தத் தொகையைப் பார்த்ததும் சிக்கனக்காவுக்கே பெருமை தாங்கவில்லை. புருஷனிடம் காட்டிவிட்டு, அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கினாள். அவனுக்கும் மகளுக்கும் தட்டு நிறையப் போட்டாள். பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருந்ததை ரொட்டித் துண்டால் வழித்து, நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்டு, நாளைக்குப் பயறு ஊற வைக்கப் போனாள்.

புதன்கிழமை உருளையை ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். அந்தக் கூடத்தில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை. நாற்பது பேர் கவிழ்த்துப் போட்ட கூடைகளின் மேல் உட்கார்ந்தார்கள். சிக்கனக்கா முதல் இரண்டு நிமிஷம் திக்கினாள். பிறகு, முட்டைக் கடைக்காரரிடம் வெடிச்ச முட்டையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிப் போராடிய கதையைச் சொன்னாள்.

"'என்னம்மா, உடைஞ்சதைக் கேக்கற?'ன்னாரு. 'எப்படியும் வீட்டுக்குப் போய் நான்தானே உடைக்கப் போறேன்? நீங்களே உடைச்சுக் குடுத்தா எனக்கு வேலை மிச்சம்'ன்னேன்."

கூடம் அதிர்ந்தது. பாய்லர்காரரே தொடையில் தட்டிச் சிரித்தார். கடைசியில் மேனேஜர் எழுந்து கைதட்டினார். எல்லாருக்கும் முன்னால் ஒரு புதுக் குக்கரை அவள் கையில் கொடுத்தார்கள். மகள் எழுதிய தாளை ஆபீஸ் பெண் பத்திரமாக வாங்கிக்கொண்டு, "பிரிண்ட் போட்டு எல்லாருக்கும் தர்றேன்க்கா" என்றாள். நெட்டை குக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே எலும்புகூட உன்கிட்ட தப்பிக்க முடியாது" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது.

பாய்லர்காரரும் வேறு இரண்டு பேரும் மாடிக்குப் போயிருந்தார்கள். போனவர்கள் ஒரு மணி நேரம் இருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பத்து நிமிஷத்தில் இறங்கி வந்துவிட்டார்கள். பாய்லர்காரர் கையில் ஒரு தாள். தாளை மூட்டைகளின் மேல் வைத்துவிட்டு, பாய்லர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தாள் கை மாறிக் கை மாறி உருளைக்கு வந்தது. மகள் போட்ட பெட்டிகள்தான், அச்செழுத்தில். மேலே கம்பெனியின் முத்திரை. அடியில் ஒரு வாரச் செலவுத் தொகையை வட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இப்போதைய வாரச் சம்பளம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு கோடு. அதற்குக் கீழே நாலே வரி. மூன்று பேர் உள்ள குடும்பம் சத்தாகச் சாப்பிட இப்போதைய சம்பளமே தாராளம் என்பதை நம் தொழிலாளி ஒருவரே செய்து காட்டியிருப்பதால், ஊதிய உயர்வு தேவைப்படவில்லை. அதற்குப் பதிலாக மாதம் ஒரு சிக்கன வகுப்பு நடத்தப்படும். வீட்டிலிருந்து இதைவிடச் சத்தான உணவு கொண்டுவர முடியும் என்பதால், பத்து மணி ரொட்டியும் டீயும் அடுத்த வாரம் முதல் நிறுத்தப்படும்.

நெட்டை இரண்டு தடவை படித்தாள். தாளை மடித்து, சிக்கனக்காவின் மேலங்கிப் பையில் அவளே செருகினாள்.

"நெட்டை, நான் இதுக்காகச் சொல்லலைடி..."

"துணியைப் பிடி."

பிடித்தாள். நெட்டை அவள் மூச்சுக்குக் காத்திருக்காமல் உதறினாள். விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போனது. அன்று மட்டும் பதினோரு விரிப்புகள் திரும்பி வந்தன. மேற்பார்வையாளர் கத்திவிட்டுப் போனார்.

மதியம் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. டப்பாவைத் திறக்காமலே எடுத்து வைத்தாள். பிழியும் இயந்திரத்தில் வேலை செய்கிற, இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பேச்சு ருசியா இருந்துச்சு. நம்ம வயித்துல அடிக்கத்தான் அப்படிச் சிரிக்க வெச்சாங்கன்னு தெரியாம போச்சு." அதற்குப் பிறகு யாரும் அவளைச் சிக்கனக்கா என்று கூப்பிடவில்லை. ஏய் என்றோ, இந்தாம்மா என்றோதான் பேச்சு வந்தது.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். புதுக் குக்கரை எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே இழுத்து, அலமாரிக்கு மேலே ஏற்றினாள்.

"நீ என்ன பொய்யா சொன்ன?" என்றான் புருஷன். "உள்ளதைத்தானே சொன்ன?"

அவள் மேலங்கிப் பையிலிருந்த தாளை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திங்கள் இரவு. செவ்வாய் இரவு. விரலால் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டே போனாள். சனிக்கிழமை இரவில் விரல் நின்றது.

"இல்லைங்க," என்றாள். "உள்ளதைச் சொல்லலை."

மறுநாள் காலை உருளை சூடாகுமுன் மாடிக்குப் போனாள். மேனேஜர் அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். உட்காரச் சொன்னார். அந்த நாற்காலி அவள் வீட்டுக் கட்டிலைவிட மெத்தென்றிருந்தது. முனையில் உட்கார்ந்தாள்.

"சார், அந்தத் தாள்ல தப்பு இருக்கு."

"கூட்டல்லயா? நாங்க சரி பாத்தோமே."

"கூட்டல்ல இல்ல சார். மூணு பேருன்னு போட்டிருக்கேன். ராத்திரி ரெண்டு பேருதான். நான் சாப்பிடறதில்லை. மிச்சம் இருந்தா வழிச்சுப் போட்டுப்பேன். அதை எழுதணும்னு தோணலை. ரொம்ப வருஷமா அப்படித்தான், அதனால எனக்கே அது தெரியலை."

மேனேஜர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம், கடைங்க எல்லாம் ஒரே எடத்துல இல்ல சார். ரொட்டிக்கு ஒரு பக்கம், முட்டைக்கு ஒரு பக்கம். வேலை முடிஞ்சு தினமும் ரெண்டு மணி நேரம் நடக்கறேன். பத்து மணி நேரம் நின்னுட்டுத்தான் நடக்கறேன்." சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, காலுறையைக் கீழே தள்ளிக் காட்டினாள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. "கைக்குழந்தை வெச்சிருக்கறவ எப்படி நடப்பா சார்? அதான், அந்தத் தாளை எடுத்துடுங்க. ரொட்டியையாவது நிறுத்தாதீங்க."

மேனேஜர் அவள் காலைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

"நீங்க மேல வந்து மனசு விட்டுப் பேசினது ரொம்ப சந்தோஷம்மா. நடக்கறது நல்ல பழக்கம். நானே டாக்டர் சொல்லிக் காலையில நடக்கறேன். ராத்திரி கம்மியா சாப்பிடறதும் உடம்புக்கு நல்லதுன்னுதான் சொல்றாங்க." பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். "அடுத்த மாச வகுப்புல இதையும் சேத்துச் சொல்லுங்க."

கீழே மணி அடித்தது. அவள் காலுறையை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

அவள் இறங்கி வந்து சொன்னதை பாய்லர்காரர் மட்டும் முழுசாகக் கேட்டார். நெட்டை உருளைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த விரிப்பை உதறுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். அது நேராக உள்ளே போனது.

அடுத்த வாரம் பத்து மணிக்கு ரொட்டி வரவில்லை. திங்களன்று இரட்டைக் குழந்தைக்காரி பிழியும் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். செவ்வாய் பல பேர் கையில் அந்த அச்சடித்த தாள் இருந்தது. நாலாக மடித்து, எட்டாக மடித்து, உள்ளங்கைக்குள் வைத்துப் படித்தார்கள். அவள் பக்கம் வந்தால் மறைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து அவள் வழக்கம்போல நடந்தாள். ரொட்டிக் கடையில் நேற்றைய ரொட்டி வைக்கும் கூடை காலியாக இருந்தது. கறிக் கடைக்காரர், சும்மா அள்ளிப் போடும் எலும்பைப் பை பையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு ஒட்டியிருந்தார். என்னவென்று கேட்க நின்றால் முட்டைக் கடை மூடிவிடும் என்று ஓட்டமும் நடையுமாகத் திருப்பத்தைத் தாண்டினாள். தாண்டியதும் நின்றுவிட்டாள்.

முட்டைக் கடை முன்னால் சலவைக் கூடமே நின்றுகொண்டிருந்தது. மடிக்கிறவர்கள், பிழிகிறவர்கள், மூட்டை பிரிக்கிறவர்கள், முப்பது பேருக்குக் குறையாது. எல்லார் தலைமுடியும் ஆவியில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. நெட்டையின் தலை எல்லாருக்கும் மேலே தெரிந்தது. இரட்டைக் குழந்தைக்காரி ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் ஸ்டூலில் ஏறி, பலகையில் எழுதியிருந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா," என்றார் அவளைப் பார்த்து. "ஊருக்கே சொல்லிட்டியா? இன்னிக்கி பாரு, எவ்வளவு கூட்டம். வெடிச்சதுக்கு நான் எங்க போறது? நல்லதையா தட்டி உடைக்க முடியும்?" சுண்ணக்கட்டியால் புது விலையை எழுதினார். முழு முட்டைக்கும் கீறல் முட்டைக்கும் இப்போது ஒரு காசுதான் வித்தியாசம்.

"இது அநியாயம்ங்க," என்றாள் யாரோ.

"நாலு பேரு கேட்டா விலை ஏறத்தான் செய்யும். நானும் வாங்கித்தானே விக்கறேன்?"

கூட்டம் முணுமுணுத்தது. இரண்டு பேர் வாங்கினார்கள். மற்றவர்கள் பலகையையே பார்த்தபடி நின்றார்கள். பிறகு ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் திரும்பியது. சிக்கனக்கா தோள் பையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் வந்த வழியே திரும்பாமல் ஆற்றுப் பக்கம் போகும் சாலையில் நடக்கத் தொடங்கினாள்.

இருபது அடி போயிருப்பாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நெட்டையின் நீளக் கால்கள் அவளை எட்டிப் பிடித்தன.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் எதுனா இருக்காக்கா?"

அக்கா என்று கேட்டுக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகியிருந்தது.

"லாரி வந்து இறக்குற மார்க்கெட் ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு தடவை போயிருக்கேன். அடிபட்டதை எல்லாம் கடைசியில ஒதுக்கிடுவாங்க."

"எவ்வளவு தூரம்?"

"நடந்தா ஒரு மணி நேரம். ஏழரைக்குச் சாத்திடுவாங்க."

நெட்டை திரும்பிப் பார்த்து, வாங்க என்று கையை ஆட்டினாள். தேவையே இருக்கவில்லை. எல்லாரும் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார்கள். இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை வேறு யாரோ வாங்கித் தோளில் போட்டிருந்தார்கள்.

பாலத்துக்கு முன்னாலிருந்த நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலி. இத்தனை பேர் வேகமாக வருவதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், இரண்டு கதவுகளையும் திறந்து வைத்துக் காத்திருந்தார். முதலில் சிக்கனக்கா, பிறகு நெட்டை, பிறகு மற்றவர்கள், உள்ளே பார்க்காமல் கதவுகளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கடைசிப் பெண்ணும் போன பிறகு கதவுகள் பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டன. பாலத்தின் நடுவில் பஸ் வெறுமையாக அவர்களைக் கடந்து போனது. அதன் காற்றில் துணிகள் படபடத்தன. சிக்கனக்கா நேரத்தைக் கேட்டாள். யாரோ சொன்னார்கள். அவள் நடையை எட்டிப் போட்டாள். பின்னால் வந்த கால்களும் எட்டிப் போட்டன.